போனில் கதைத்தார்

மேல்மாடியில் வேலை செய்கிற அந்தப் பிள்ளை இறங்கி வரும்போது அவளுடைய கையில் ஒரு துண்டுக் கடதாசி இருக்கும். எங்கள் வீட்டு மாடிப்படி வெளிப்பக்கத்தில் இருக்கிறது. குசினி அடுப்படியில் நின்றாலும் படியில் செருப்புச் சத்தம் கேட்கும். தேத்தண்ணி குடிக்க வருகிற சத்தம் வேறு, பெயர் கேட்க வருகிற சத்தம் வேறு. பெயர் கேட்க வருகிற நாளில் கடைசி இரண்டு படியில் கொஞ்சம் நின்று யோசித்துவிட்டுத்தான் வருவாள். நான் கையைத் துடைத்துக்கொண்டு நிற்பேன்.

"அன்ரி, ஒரு பெயர் சொல்லுறன். கேட்டவுடனை உங்களுக்கு என்ன நினைப்பு வருதோ அதைச் சொல்லுங்கோ. யோசிக்காதேங்கோ."

"நான் படிச்சது அஞ்சாம் வகுப்பு, பிள்ளை."

"தெரியும். 'ஆளை நிப்பாட்டு'. இதைக் கேட்டா என்ன விளங்குது?"

"றோட்டிலை ஆரையோ மறிக்கிறதோ?"

அவள் சிரித்துவிட்டுக் கடதாசியை இரண்டாகக் கிழித்தாள். விசயம் இதுதான். வயதுபோன ஒருவர் இரண்டு கிழமைக்குக் கொழும்புக்குப் போகிறார் என்றால் அந்த இரண்டு கிழமையும் அவருக்குப் போனில் கோல் எடுக்கக்கூடாது என்று கொம்பியூட்டருக்குச் சொல்ல வேண்டும். அந்த வேலைக்கு யாரோ அப்படிப் பெயர் வைத்திருந்தார்கள். கிழித்த துண்டின் பின்பக்கத்தில் 'கொஞ்ச நாளுக்குக் கோல் வேண்டாம்' என்று எழுதிக் காட்டினாள்.

"நீளமா இருக்கே பிள்ளை."

"நீளம் பரவாயில்லை அன்ரி. பிறகு வாறவனுக்கு விளங்கவேணும்."

எங்கள் வீடு வட்டுக்கோட்டைப் பக்கம். கனடாவில் இருக்கிற மகன்தான் மேல்மாடியைக் கட்டினான். கட்டி முடிந்ததும் ஐந்து பேர் கொண்ட ஒரு சின்னக் கொம்பனிக்கு அதை வாடகைக்குக் கொடுத்தான். பிள்ளைகள் வெளிநாட்டில், தாய் தகப்பன் இங்கே தனியாக. அப்படியான வீடுகளுக்கு அவர்கள் ஒவ்வொரு நாளும் காலையில் கோல் எடுத்துச் சுகம் விசாரிப்பார்கள். விசாரித்தவுடன் கொம்பியூட்டரில் ஒரு பட்டனை அமத்துவார்கள். உடனே கனடாவிலும் லண்டனிலும் பிள்ளைகளின் போனில் அது பச்சை எழுத்தில் தெரியும். அந்தப் புரோகிராமை எழுதுகிறவள்தான் அவள்.

மகன் என்னையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டான். ஆகையால் தினமும் பத்து மணிக்கு எனக்கும் கோல் வரும், என்னுடைய வீட்டு மேல்மாடியிலிருந்து. கோல் எடுக்கிற பிள்ளையின் குரல் முதலில் மேல் யன்னலால் கேட்கும், பிறகு போனில் கேட்கும். "அம்மா, சுகமோ?" என்பாள். "ஓம் பிள்ளை, சுகம்" என்பேன். அது மேலே போய், கனடாவுக்குப் போய், அங்கே பச்சையாகத் தெரியும். படியால் இறங்கி வர யாருக்கும் நேரம் இல்லை. குறை சொல்லவில்லை, பட்டியல் நீளம்.

இறங்கி வந்தவள் அவள் ஒருத்திதான்.

அவளுடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. பெயர் விசயத்தில் அவள் கடுமையானவள். கேட்காமல் போட எனக்குப் பயம், கேட்பதற்கு இப்போது என்னிடம் அவளுடைய நம்பரும் இல்லை.

வயது முப்பதுக்குள் இருக்கும். குருநகரிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள், ஐந்தரைக்குப் போய்விடுவாள். முதல் நாள் குசினி வாசலில் நின்று, "உங்களை நான் என்னெண்டு கூப்பிட?" என்று கேட்டாள். மேலே இருந்த எல்லோரும் கேட்காமலே அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

"அம்மா எண்டு கூப்பிடுமன்."

"எனக்கு வீட்டிலை ஒரு அம்மா இருக்கிறா. உங்களையும் அம்மா எண்டு கூப்பிட்டா அவவுக்குச் செய்யிறதெல்லாம் உங்களுக்கும் செய்யவேணும். செய்வனோ தெரியாது. அன்ரி எண்டு கூப்பிடட்டே?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பெண் பிள்ளை இல்லாத எனக்கு அந்தச் சொல்லில் ஒரு ஆசை இருந்தது. ஆனால் அவள் யாரிடமும் அப்படித்தான் என்று போகப்போகத் தெரிந்தது. மேலே வேலைக்கு ஆள் எடுக்கும்போது கொம்பனி முதலாளித் தம்பி முற்றத்தில் வைத்து அவளிடம் கேட்டார், "காலமை வந்த பெடியன் எப்பிடி, ஆள் நல்லவனோ?"

"நேரத்துக்கு வந்தவர். கேட்டதுக்கு மறுமொழி சொன்னவர். அவ்வளவுதான் எனக்குத் தெரியும் அண்ணை."

"நல்லவன் எண்டு ஒரு வார்த்தை சொன்னா வாய் நோகுமே?"

"பாத்ததைச் சொன்னன். மிச்சத்தை நீங்கள் பாருங்கோ."

மேலே அவளைத் தலைக்கனம் பிடித்தவள் என்றுதான் சொன்னார்கள். அவளுடைய தகப்பன் கடல் தொழில் செய்தவர். அவர் ஒருநாளும் காற்று அடிக்குது என்று சொன்னதில்லையாம். சோளகம், வாடை, கொண்டல், கச்சான் என்று ஆளைச் சொல்வது மாதிரித்தான் சொல்வாராம். வெறுமனே காற்று என்று சொல்கிறவனோடு வள்ளத்தில் ஏறமாட்டாராம். இதை அவள் சிரிக்காமல் சொன்னாள்.

கொம்பியூட்டருக்குள் இவ்வளவு பெயர் எதற்கு என்று எனக்கு விளங்கியது ஒரு மத்தியானம். மூஞ்சி கறுத்துப்போய் இறங்கி வந்தாள். தேத்தண்ணியை ஆற்றிக் கொடுத்தேன், குடிக்கவில்லை.

"அன்ரி, 'நம்பரைச் சரிபார்' எண்டு ஒரு வேலை கிடக்கு. என்ன விளங்குது?"

"போன் நம்பர் சரியோ எண்டு பாக்கிறது."

"அவ்வளவுதானே? பாத்துப்போட்டு, பிழையெண்டா நம்பரை அழிக்கவும் செய்யுது. எழுதினவன் எழுதிப்போட்டு வேலையை விட்டுப் போட்டான். இண்டைக்குப் புதுசா வந்தவர் சும்மா பாப்பமெண்டு அதை ஓடவிட்டிட்டார். கொஞ்சப்பேற்றை நம்பர் அழிஞ்சு போட்டுது. இனி அவையின்ரை பிள்ளையளிட்டை ஒவ்வொண்டாக் கேக்கவேணும்."

"அந்தப் பிள்ளை பாவம்."

"ஓம், அவரிலை பிழையில்லை. அலுமாரியைப் பாக்கிறன் எண்டு சொல்லித் திறந்துபோட்டு உங்கடை பழைய சீலையளை எறிஞ்சா எப்பிடி இருக்கும்? பாக்கிறது எண்டா பாக்கவேணும். எறியிறதெண்டா எறியிறன் எண்டு சொல்லவேணும்."

முதலில் தமிழில்தான் பெயர் வைத்துப் பார்ப்பாள். தமிழில் சொல்ல முடியாவிட்டால் தனக்கே அது விளங்கவில்லை என்று அர்த்தமாம். பிறகுதான் இங்கிலீசில் எழுதுவாள். சில பெயருக்கு நாட்கணக்கில் அலைவாள். 'மற்றவை' என்று ஒரு குவியல் இருந்தது, ஒன்றிலும் அடங்காததையெல்லாம் அதற்குள் போட்டிருந்தார்கள். அதைக் கிளறி, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது, மருந்து வாங்கிக் கொடுத்தது, தேங்காய் பிடுங்க ஆள் பிடித்துக் கொடுத்தது என்று தனித்தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் கடதாசியோடு இறங்கி வரும்போது முதலாளித் தம்பி மேல் யன்னலால் எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, ஒரு பெயர் வைக்க மூண்டு நாளோ?"

"இண்டையோடை நாலு, அண்ணை."

"முதல் வேலையை முடிச்சுவிடும். பெயரைப் பிறகு வைக்கலாம்."

"பெயர் தெரியாட்டி அது என்ன வேலை எண்டே எனக்குத் தெரியாதண்ணை."

நான் குசினிக்குள் நின்று சிரித்தேன். எனக்கு அப்படி வாய் காட்ட வராது. கடையில் மிச்சக்காசு குறைந்தாலும் கேட்காமல் வருகிற ஆள் நான்.

படித்தவர்கள் மேலே இத்தனை பேர் இருக்க, ஏன் என்னிடம் வந்து கேட்கிறாள் என்று எனக்கு ஒரு குறை இருந்தது. இந்தக் கிழவிக்கே விளங்கினால் யாருக்கும் விளங்கும் என்று நினைக்கிறாளோ? ஒருநாள் தைரியம் பிடித்துக் கேட்டேன்.

"அப்பிடியில்லை அன்ரி. மேலை உள்ளவை விளங்காட்டியும் விளங்கினமாதிரித் தலையாட்டுவினம். நீங்கள் அப்பிடிச் செய்யமாட்டியள்."

அன்று பின்னேரம் அவளுடைய ஸ்கூட்டிச் சத்தம் ஒழுங்கை முடக்கில் திரும்பிப் போகும்வரை கேட்டு அடங்கியபிறகு, நான் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு விறாந்தையில் இருந்தேன். ஐந்தரைக்குப் பிறகு எங்கள் வீட்டில் சத்தம் போடுகிறது குளிர்ப்பெட்டி மட்டும்தான். அவள் என்னைப் பற்றிச் சொன்னது சரியில்லை என்று எனக்குத் தெரியும். நான் தலையாட்டுகிற ஆள்தான். அவளிடம் மட்டும் ஆட்டவில்லை.

மாரி மழை பிடித்த மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் உடம்பு நோ. இரண்டாம் நாள் எழும்பினால் தலை சுற்றியது. பத்து மணிக்குப் போன் அடித்தது. "அம்மா, சுகமோ?" "ஓம் பிள்ளை, சுகம்."

பொய் சொல்லவேண்டும் என்று நினைத்துச் சொன்னது இல்லை. சுகமோ என்று கேட்டால் ஓம் என்பதுதான் எங்களுக்குப் பழக்கம். செத்தவீட்டால் வருகிறவரும் முதலில் ஓம், சுகம் என்றுதான் சொல்வார். பிறகு கதிரையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கும்போதுதான் உள்ள கதை வரும். போனில் அந்தப் பிறகு இல்லை. கோல் எடுக்கிற பிள்ளைக்கு அடுத்த நம்பர் காத்துக்கொண்டிருக்கும்.

மூன்றாம் நாளும் அப்படித்தான் சொன்னேன். படுத்தபடி சொன்னேன்.

மத்தியானம் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கடைசி இரண்டு படியில் நின்றது. பிறகு குசினி வாசலில் அவள் கூப்பிட்டாள், நான் போகவில்லை. அறைக்குள் வந்து என் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"எத்தினை நாளா?"

"மூண்டு."

அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். கையில் இருந்த கடதாசி கசங்கிப்போயிற்று.

"நான் காலமையும் மேலை பாத்தனான் அன்ரி. உங்கடை பெயருக்கு நேரை பச்சையிலை 'நலம்' எண்டு கிடந்தது."

நான் போர்வையை இழுத்து மூடினேன்.

"அந்தப் பட்டனுக்குப் பெயர் வைச்சது நான்தான். வந்த முதல் கிழமை. எல்லாப் பெயரையும் உங்களிட்டைக் கேட்டனான். உது ஒண்டைத்தான் கேக்கேல்லை. கேக்க என்ன கிடக்கு எண்டு நினைச்சிட்டன்."

எழும்பிப் போய்க் குசினியில் கொத்தமல்லி தேடினாள். என்னுடைய தகரப் பேணிகள் எல்லாம் பழைய பால்மாப் பேணிகள், ஒரே மாதிரி இருக்கும், எதில் என்ன என்று எனக்கு மட்டும்தான் தெரியும். ஒவ்வொன்றாகத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. ஏழாவதில்தான் கிடைத்தது. அவித்துக் குடிக்கத் தந்து, ஓட்டோ பிடித்து டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அம்மா என்று கூப்பிட்டவர்கள் மேலே இருந்தார்கள். அன்ரி என்று கூப்பிட்டவள்தான் ஓட்டோவில் எனக்குப் பக்கத்தில் இருந்து, மழை அடிக்காமல் வாசல் பக்கத் திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"எல்லாப் பேணிக்கும் பெயர் எழுதி ஒட்டட்டே?" என்று திரும்பி வரும்போது கேட்டாள்.

"எனக்குத் தெரியும் பிள்ளை, எதுக்கு?"

"உங்களுக்குத் தெரியும். நீங்கள் படுத்துக் கிடந்தா எனக்கு ஆர் சொல்லுறது?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வீட்டைக் கடைமாதிரி ஆக்குவாள் என்று நினைத்தேன்.

காய்ச்சல் விட்டு இரண்டாம் நாள் கடதாசியோடு வந்தாள். 'போன் எடுத்தார்' என்று எழுதியிருந்தது.

"அது நான் மகனுக்கு எடுத்தமாதிரியல்லோ இருக்கு?" என்றேன்.

"அதுதான் எனக்கும்." யோசித்தாள். "நீங்கள் போனிலை கதைச்சனீங்கள். அதுமட்டும்தான் மேலை உள்ளவைக்குத் தெரியும். சுகமோ இல்லையோ தெரியாது. 'போனில் கதைத்தார்'. என்ன விளங்குது?"

"போனிலை கதைச்சது."

"வேறை ஒண்டும்?"

"வேறை ஒண்டும் இல்லை."

"அதுதான் வேணும்."

அடுத்த நாள் பின்னேரம் மகன் கோல் எடுத்தான். முந்தி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எடுத்தவன், பச்சை எழுத்து வரத் தொடங்கியபிறகு மாதத்துக்கு ஒருக்கால் எடுத்தாலே பெரிது. தினமும் நலம் என்று தெரிகிறபோது எடுத்து என்ன கேட்பது?

"அம்மா, என்ன, இண்டைக்கு 'போனில் கதைத்தார்' எண்டு கிடக்கு? நலம் எண்டு வரேல்லை. என்ன செய்யுது உங்களுக்கு?"

"ஒண்டுமில்லை அப்பன். காய்ச்சல் வந்து மாறிட்டுது."

"காய்ச்சலோ? எப்ப?"

அரைமணித்தியாலம் கதைத்தான். முருங்கை காய்க்கிறதோ என்று கேட்டான். கிணற்றடி வழுக்குமே, கவனம் என்றான். தன்னுடைய முதுகு நோவைச் சொன்னான், நான் இதுவரை அறியாதது. அடுத்த நாளும் எடுத்தான். ஒரு கிழமை ஒவ்வொரு நாளும் எடுத்தான். பின்னேரம் ஆனால் நான் போனை மடியில் வைத்துக்கொண்டு விறாந்தையில் இருப்பேன்.

எனக்கு நடந்ததுதான் மற்ற வீடுகளிலும் நடந்திருக்கிறது. பிள்ளைகள் மேல்மாடிக்குக் கோலுக்கு மேல் கோல் எடுத்தார்கள். முதலாளித் தம்பி இறங்கி வந்து கதிரை நுனியில் இருந்தார். அவர் கெட்ட மனிசன் இல்லை. களைத்துப்போயிருந்தார்.

"அம்மா, உங்களையும் ஒருக்கால் கேப்பம் எண்டு வந்தனான். சனம் பயப்பிடுது. நலம் எண்டு பாத்துப்போட்டு நிம்மதியா வேலைக்குப் போன பிள்ளையள் இப்ப வேலைக்கிடையிலை எடுத்துக் கத்துதுகள். அவை எங்களிட்டை வாங்கிறதே அந்த ஒரு சொல்லைத்தான். தங்கச்சி மாத்தமாட்டன் எண்டு நிக்கிறா. கீழை இருக்கிற அன்ரி, நலம் எண்டு இருக்கட்டும் எண்டு சொன்னா, தான் விட்டுக்குடுக்கிறன் எண்டு சொன்னவ. நீங்கள் சொல்லுங்கோ, எப்பிடி இருக்கிறது நல்லது?"

அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கடைசி இரண்டு படியில் நின்றது.

என் தொண்டைவரை வந்தது. தம்பி, அந்தச் சொல் போனபிறகுதான் என்ரை பிள்ளையின்ரை குரலைக் கேக்கிறன். இவ்வளவுதான் சொல்லவேண்டும். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய மனிசர், என் வீட்டுக் கதிரையில் வந்து இருந்து கேட்கிறார்.

"எனக்கு எதெண்டாலும் பரவாயில்லை, தம்பி" என்றேன்.

செருப்புச் சத்தம் மேலே ஏறிப்போனது.

அடுத்த நாள் தேத்தண்ணிக்கு வந்தாள். கையில் கடதாசி இல்லை. நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

"கோவமோ, பிள்ளை?"

அவள் அதையும் யோசித்துத்தான் சொன்னாள். "கோவம் இல்லை அன்ரி. வேறை ஏதோ. அதுக்கு இன்னும் பெயர் தெரியேல்லை."

அந்த மாத முடிவில் கொழும்பில் வேலை கிடைத்துப் போனாள். கடைசி நாள் ஒரு பேனையும் ஒட்டுகிற ரேப்பும் கொண்டு இறங்கி வந்தாள். இந்த முறை நான் மறிக்கவில்லை. ஒவ்வொரு பேணியாகத் திறந்து, மணந்து பார்த்து, எழுதி ஒட்டினாள். உழுந்து. ஒடியல் மா. கொத்தமல்லி. தேயிலை. கடைசியாக ஒரு பேணியில் நானே மறந்துபோன ஏதோ ஒரு மா இருந்தது.

"இதென்ன அன்ரி?"

"தெரியேல்லை பிள்ளை. எறியும்."

எறியவில்லை. அதிலும் எழுதி ஒட்டினாள்: 'என்னவென்று தெரியாது. வண்டு இருக்கிறது.' இரண்டு பேரும் சிரித்தோம். ஸ்கூட்டிச் சத்தம் முடக்குவரை கேட்டது.

நலம் திரும்பவும் பச்சையில் வந்தது. மகன் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தான், பிறகு ஞாயிற்றுக்கிழமை எடுத்தான், பிறகு அதுவும் இல்லை. அவனிலும் பிழையில்லை. அங்கே அவனுக்கு அந்தச் சொல் தினமும் தெரிகிறது.

போன கிழமை ஒருநாள் பத்து மணிக்கு, வழக்கம்போல முதலில் யன்னலாலும் பிறகு போனிலும் கேட்டது. "அம்மா, சுகமோ?"

உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்த ஓம் வரவில்லை.

"போனிலை கதைச்சிருக்கிறன், பிள்ளை. அதைமட்டும் போடும்."

"ஆ? அப்பிடி ஒரு பட்டன் இப்ப இல்லையே அம்மா. நலம் எண்டு போடவோ?"

"வேண்டாம்."

என் வாயால் வந்த சொல்லா என்று எனக்கே பயமாக இருந்தது. மேலே அந்தப் பிள்ளை யாரிடமோ ஏதோ கேட்கிறது கேட்டது.

"நலம் இல்லையெண்டா 'பதில் இல்லை' எண்டதுதான் இருக்கு அம்மா. அதைப் போட்டா ஆள் நேரை வந்து பாக்கவேணும்."

"அதைப் போடும்."

அதுவும் பொய்தான். பதில் சொல்லிக்கொண்டல்லவா நின்றேன். அவள் இருந்திருந்தால் ஒத்துக்கொண்டிருக்கமாட்டாள்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அவளுடையது இல்லை, இது நடுவில் நிற்காமல் ஓடிவருகிற சத்தம். கோல் எடுக்கிற பிள்ளை முதல் தரம் என் குசினி வாசலில் வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

"அம்மா, என்ன செய்யுது உங்களுக்கு?"

"ஒண்டும் செய்யேல்லை. இரும், தேத்தண்ணி வைக்கிறன்."

அவள் இருக்கவில்லை. சுவர்த் தட்டில் அடுக்கியிருந்த பேணிகளின் பெயர்களை வாய்க்குள் வாசித்துக்கொண்டு போனாள். கடைசிப் பேணியில் நின்று சிரித்தாள்.

"உதெல்லாம் ஆர் எழுதினது?"

"மேலை இருந்த பிள்ளை."

"அவவோ? இப்ப எங்கை இருக்கிறா, எப்பிடி இருக்கிறா?"

நல்லா இருக்கிறா என்று சொல்ல வாய் வந்தது. தேயிலைப் பேணியைக் கையில் எடுத்தேன்.

"கொழும்புக்குப் போனவ," என்றேன். "அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."